ஏழாம் தொட்டி

மையைக் கழித்துவிட்டன.
ஒன்பதாம் நாள், விடியலுக்கு முன்,
தொட்டித் தரையெங்கும் கறுத்த நூல்நுனிகள்.
பொரிந்த நாள்முதல் குடலை அடைத்திருந்த கரும்பொட்டு
விழுந்துவிட்டால் வாய் திறக்கும்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு. பசி தொடங்கியது. 4:10.

கண்ணாடிக் குடுவையில் உப்புநீர் குமிழியிட
ஆர்ட்டீமியா பொரிந்து
செம்மண் கலங்கலாய்ச் சுழல்கிறது.
வடிகட்டி, கழுவி, ஒரு கரண்டி.
விரற்கடை நீளம் எட்டாத ஸ்டர்ஜன் குஞ்சுகள்
பார்த்துத் தின்பதில்லை.
கண் இருக்கிறது. ஆனாலும்
நான்கு மீசைகளால் தரையைத் தடவி
உயிர் துடித்தால் மட்டும் உறிஞ்சுகின்றன.
வயிறு ஆரஞ்சாய்த் தெரியும்வரை
டார்ச்சை அணைக்காமல் நிற்பேன்.
இரண்டு மணிக்கொருமுறை.
கீலான் மழைக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை,
தகரக் கூரையில் அது பாட்டுக்குப் பெய்யும்.

பிறகு புழு.
மஹ்ருக் அதைக் கத்தரியால் நறுக்குவாள்,
புதினா நறுக்குகிற அதே முகத்தோடு.
"என் மகனுக்குக்கூட
இவ்வளவு பொடியாய் நறுக்கியதில்லை."

இருபத்தோராம் நாள் கெய்வான் வந்தார்,
பூட்ஸில் சேறு, கையில் ஒரு தாள்.
நான்காம் தொட்டி ஆற்றுக்கு.
மூன்று கிராம் ஆனதும் ஸஃபீத்ரூத்தில் விடுவோம்,
புழுவும் நீர்த்தெள்ளும் தொடரட்டும்.
ஏழு இங்கேயே. குளம், பன்னிரண்டு வருடம், முட்டை.
அதற்கு இனி மாவு.

இரண்டும் ஒரே தாய் வயிறு.
மக்கால் மொண்டு பிரித்தது நான்.
மக் எதையும் யோசிக்கவில்லை.

வெளிநாட்டுத் தீவனம் துறைமுகத்தில் கிடந்தது,
ஏதோ கையெழுத்து வராமல்.
ஃபர்ஸாம் கில்கா மீனைக் காயவைத்து அரைத்தான்;
மஞ்சள்கரு, ஈஸ்ட், மீனெண்ணெய், கொஞ்சம் சோயா.
ரொட்டி அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி
சல்லடையில் தட்டினான்.
இரண்டு நாள் பூனைகள் அவன் சட்டையை விடவில்லை.

தூவினேன்.
விழுந்தது, மூழ்கியது, கிடந்தது.
மீசை பட்டது. வாய் உறிஞ்சியது.
துப்பியது.
எண்ணாயிரம் வாய்கள் தனித்தனியே
இது இல்லை என்றன.

சோற்றின் நடுவே பட்டினி கிடந்து சாவதை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை.
காலையில் சைஃபன் குழாயில் ஏறி வந்தன,
தலை பெருத்து, வயிறு ஒட்டி,
பென்சில் சீவல்போல் எடையற்று.
நூற்று நாற்பது.
மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
பத்துக்கு மூன்று போகும்,
அது கணக்கில் உண்டு என்றார் கெய்வான்.
கணக்கில் உண்டு.
வாளியைக் கவிழ்க்கும் கையில் இல்லை.

நான்காம் இரவு, யாரையும் கேட்காமல்,
புழுப் பலகையைக் கழுவிய சிவந்த நீரில்
மாவைப் பிசைந்தேன்.
ஏமாற்று வேலைதான்.
செத்த மீனுக்கு உயிரின் வாசனை பூசுவது.
விளக்கைத் தணித்துவிட்டுக் குனிந்தேன்.
ஒன்று துப்பியது.
துப்பியதைச் சுற்றி வந்தது.
மறுபடி எடுத்தது.
துப்புமென்று காத்திருந்தேன்,
முதுகு வலிக்கும்வரை.

காலையில் தரையில் தவிட்டு நிறக் கழிவு.
மீன் கழிவைப் பார்த்து அழுதேன் என்று
வீட்டில் யாரிடம் சொல்வது?
மஹ்ருக்கிடம் சொன்னேன்.
அவள் கத்தரியைக் கழுவி ஆணியில் மாட்டினாள்.
அந்த நீரைத் தினமும் ஒரு கரண்டி குறைத்தேன்.
ஒன்பதாம் நாள் வெறும் மாவு. தின்றன.

ஜூனில் நான்காம் தொட்டியை ஆற்றுக்குக் கொண்டுபோனோம்.
வாளியைச் சாய்த்ததும் கலங்கலுக்குள் போயின.
ஒன்று மட்டும் கரையோரச் சேற்றில் நின்று
மீசையால் தடவியது.
அங்கே ஏதும் துடித்ததா,
என் நிழல் விழுந்து பார்க்க முடியவில்லை.

இங்கே ஏழில்,
என் ரப்பர் பூட்ஸின் சத்தத்துக்கே கூடிவிடுகின்றன,
நான் தூவுவதற்கு முன்பே தரையைத் தடவியபடி.
அதில் பெருமை வருகிறது.
வந்தவுடன் என்னவோபோல் ஆகிவிடுகிறது.

மணி இரண்டு.
டப்பாவைத் திறக்கிறேன்.